வெள்ளிக்கிழமை வரைக்கும்

போளூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் புரோகிராம் எழுதுகிறவர்கள் இரண்டே பேர். வாணியம்பாடிக்காரியான உஸ்மா மூத்தவள். படவேட்டு வெற்றிச்செல்வன் சேர்ந்து எட்டு மாதம். ஜவ்வாது மலையில் ஐந்து ஊர்களைச் சுற்றிவரும் மருத்துவ வேனுக்காக அவர்கள் ஒரு புரோகிராம் செய்தார்கள். வேன் வருவதற்கு முந்தின மாலை நாளை வேன் இந்த ஊரில் நிற்கும் என்று ஊர்ப்பெயரோடு அந்தந்த ஊர்க்காரர்களின் போனுக்குச் செய்தி போகும்.

வெற்றி, செய்தி அனுப்பப் பெயர் வைத்துத் தனியாக ஒரு கட்டளைத் தொகுப்பை, ஒரு ஃபங்ஷனை, எழுதி, ஒவ்வொரு ஊர்ப்பெயரையும் அதனிடம் கொடுத்திருந்தான். உஸ்மாவுக்கு அது நீளமாகப் பட்டது. ஊர்களை ஒவ்வொன்றாக எடுக்கும் லூப்புக்குள்ளேயே பெயரில்லாத ஃபங்ஷனாக மூன்று வரியில் சுருக்கினாள். ஊர்ப்பெயரை வெளியே இருக்கும், பெயர்கள் ஒவ்வொன்றாக மாறி வந்து உட்காரும் வேரியபிளிலிருந்து அது எடுத்துக்கொள்ளும்.

இப்போது அது குளோஷர் ஆகிவிட்டதே என்றான் வெற்றி. பெயரில்லாத ஃபங்ஷனும் குளோஷரும் ஒன்றுதானே என்றாள் உஸ்மா.

"இல்லீங்க மேடம். பேர் இல்லாதது வேற, வெளிய இருக்குற வேரியபிளைப் புடிச்சி வெச்சிக்கிறது வேற. பேர் வெச்சாலும் குளோஷர் ஆவும். இது ஊர்ப்பேரை வெச்சிக்கல, அந்த வேரியபிளையே வெச்சிக்குது. செய்தி போறது லூப் முடிஞ்சப்புறம்; அப்ப அதுல இன்னா இருக்குதோ அதான் எல்லாத்துக்கும் வரும்."

புத்தகத்தை ஒப்பிக்கிறான் என்று நினைத்தாள். ஒரே ஓர் ஊரை வைத்துச் சோதித்தாள். சரியாக வந்தது. அப்படியே ஓடவிட்டாள்.

முதல் வாரமே ஐந்து ஊர்களுக்கும் பட்டியலின் கடைசி ஊரான மேல்பூங்கரையின் பெயர் போனது. அந்த ஐந்தில் ஒன்றான ஆலவாடியைச் சேர்ந்த வெள்ளையம்மாள் ரத்த அழுத்த மாத்திரைக்காக ஆறு கிலோமீட்டர் நடந்து மேல்பூங்கரைக்குப் போனாள். திரும்பும்போது சரிவில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. வேன் அன்று அவள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி நின்றிருந்தது.

முதலாளி தனசேகரன் போனில் கேட்டபோது உஸ்மா யோசிக்கவில்லை. "வெற்றி எழுதின ஃபைல் சார்" என்றாள்.

அதன்பிறகுதான் திறந்து பார்த்தாள். ஐந்து ஃபங்ஷன்களும் ஒரே வேரியபிளைப் பிடித்துக்கொண்டிருந்தன. வெற்றியின் பழைய வரிகளைத் திரும்பப் போட்டதும் ஐந்து பெயரும் சரியாக வந்தன. அவன் எதிர் மேசையில்தான் இருந்தான். சொல்லிவிட வாயெடுத்தாள். அதற்குள் தனசேகரன் உள்ளே வந்து, எல்லார் முன்னாலும் வெற்றியைத் திட்ட ஆரம்பித்தார். உஸ்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வார வெள்ளிக்கிழமையோடு வெற்றி வேலையை விட்டுவிட்டான்.

இரண்டு மாதம் கழித்து அவள் தனசேகரனிடம் உண்மையைச் சொன்னாள். அதான் சரியாகிவிட்டதே, விடும்மா என்றார் அவர். அந்த ஞாயிற்றுக்கிழமையே படவேட்டுக்குப் பஸ் ஏறினாள்.

வெற்றிக்கு வேலூரில் வேலை கிடைத்திருந்தது. அவன் அம்மா டீ வைத்துவிட்டு உள்ளே போனார். தப்பு தன்னுடையதுதான், அன்றைக்கே தெரியும் என்று உஸ்மா சொன்னாள்.

"எனக்கும் தெரியும் மேடம்" என்றான். "நீங்க என் பழைய வரியத் திரும்பப் போட்டப்பவே பார்த்தேன். சொல்லிடுவீங்கன்னு வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்தேன்."

திரும்பி வருகிறாயா என்று கேட்டாள். வேண்டாங்க என்றான். அதில் கோபம் இல்லாததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தான். வேலூரில் அறை வாடகை எப்படி என்று இருவரும் பேசிக்கொண்டு நின்றார்கள். பஸ் வந்ததும் பார்த்துப் போங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான்.