திருநீற்றுப் புகை

பூதப்பாண்டியில் முதல் டீசல் லாரி வாங்கியவர் தாம்தான் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் வள்ளிநாயகம் பிள்ளை தம் பெயரையே சொல்லுவார். மற்றவர்கள் லாரியெல்லாம் கரிப்புகை கக்க, அவருடையது மட்டும் கொஞ்ச நாளாக வெள்ளை வெளேரென்று புகை விட்டது. "பாரும் வேய், திருநீற்று நிறம். சைவன் வண்டியாக்கும்" என்று கோவில் வாசலில் நிறுத்திக் காட்டினார்.

அதே நாட்களில்தான் ரேடியேட்டரில் தண்ணீர் நிற்காமல் போனது. டிரைவர் இஸ்ரவேல் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தான். குழாய் மூட்டுகளில் பார் சோப்பை அப்பினான். வெளியே ஒரு சொட்டும் ஒழுகவில்லை, தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே போனது. பிள்ளை கண்ணேறு என்று எலுமிச்சம்பழம் கட்டினார். கண்ட தண்ணீர் ஆகாது, வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்றும் உத்தரவு போட்டார். தண்ணீர் அதற்கும் மசியவில்லை.

இந்த நிலையில் மகள் பகவதியம்மாளுக்குப் பிரசவ நோவு கண்டது. வயிற்றில் குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். வைக்கோல் மேல் மெத்தை விரித்து அவளை லாரியில் கிடத்தினார்கள். தாய் தாணம்மாள் தலைமாட்டில் இருந்தாள். பிள்ளை முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

இறச்சகுளம் தாண்டியதும் லாரி கொதித்தது. எஞ்சினை நிறுத்தாமல் ஓரங்கட்டினான் இஸ்ரவேல்.

"தண்ணி ஊத்துனியாலே, இல்ல நீயே குடிச்சியாலே?"

"கர்த்தர் சத்தியமா ஊத்தினேன் முதலாளி. தரையப் பாரும், காஞ்சு கெடக்கு. எங்க போவுதுன்னு எனக்கும் தெரியல்ல."

பின்பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு கிடந்த பகவதியம்மாள் பல்லைக் கடித்தபடி சொன்னாள்: "அப்பா, ஒமக்க திருநீற்றுப் புகை நனைக்கி. கையெல்லாம் ஈரம். தண்ணி அந்தவழிதான் போவுது."

"நீ சும்மா கெட மக்கா."

ஆனால் இஸ்ரவேல் ஓடிப்போய்ச் சைலன்சர் வாயில் கையை நீட்டினான். உள்ளங்கையில் தண்ணீர் துளிர்த்தது. எஞ்சினை நிறுத்தி ஆயில் அளக்கும் கம்பியை உருவினான். ஆயில் மோர் போல வெளுத்து வந்தது.

"எஞ்சின் மூடிக்கடியில உள்ள கேஸ்கெட் தகடு போச்சு முதலாளி. தண்ணி எஞ்சினுக்குள்ள எறங்கி, ஆவியாப் பொகையோட போவுது."

"வழியச் சொல்லு."

"ஒரு மணிக்கூறு ஆறணும். சூட்டுல பச்சத்தண்ணி ஊத்தினா எஞ்சின் வெடிச்சிரும். பொறவு இரும்பு வெலைக்குத்தான் போவும்."

பிள்ளை லாரியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அதற்குள் மகள் அலறினாள். அந்த அலறல் பாதியில் அறுந்தது.

"வண்டிக்கு ஆறணுமாம்! இவ ஆறிப் போனா என்ன செய்வீரு?" என்றாள் தாணம்மாள்.

பிள்ளை குடத்தோடு வாய்க்காலில் இறங்கினார். எருமை கிடந்த தண்ணீர். துண்டைச் சுற்றி அவரே ரேடியேட்டர் மூடியைத் திருகினார். ஆவி சீறி, கை முழங்கைவரை வெந்தது. ஊற்றினார். உள்ளே ஏதோ 'டக்'கென்றது. இஸ்ரவேல் சிலுவை போட்டுக்கொண்டான்.

"எடுலே வண்டிய!"

முன்சக்கர மட்காட்டில் குந்தி, மூடியில்லாத ரேடியேட்டர் வாயில் ஊற்றிக்கொண்டே வந்தார். குடம் காலியானால் நிறுத்தி, வாய்க்காலில் மொண்டு, மறுபடி ஏறினார். பட்டுக்கரை வேட்டியெல்லாம் சேறு. வழியில் எப்போதும் கும்பிடுகிறவர்களுக்கே அவரை அடையாளம் தெரியவில்லை. கிளீனர் என்று நினைத்து ஒருவன் விலகச் சொல்லித் திட்டினான்.

ஆஸ்பத்திரி மதில் தெரிந்த இடத்தில் எஞ்சின் இறுகி நின்றது. பின்பலகையைக் கழற்றி அவளை அதில் கிடத்தினார்கள். முன்னால் இஸ்ரவேல், பின்னால் குடையைத் தவிர எதையும் சுமந்தறியாத பிள்ளை. வெந்த கையின் தோல் பலகையில் ஒட்டிக்கொண்டது.

அவளை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். பிள்ளை வராந்தாத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நர்சு வந்து, வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்ததாகவும் இரண்டு உயிரும் இருப்பதாகவும் சொன்னபோது எழுந்து, வெந்த கையோடு கும்பிட்டார்.

நாலாம் நாள் குழந்தையைப் பார்க்க ஊர்க்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கட்டுப்போட்ட கையை ஆட்டி வள்ளிநாயகம் பிள்ளை விளக்கினார்: "டிரைவருக்கு என்ன தெரியும்? பொகையில ஈரத்த நான் கண்டேன் பாரும், அப்பமே சொல்லிட்டேன், கேஸ்கெட்டுன்னு..."

கட்டிலிலிருந்து பகவதியம்மாள் திரும்பினாள்.

"அப்பா, வெளிய போயி கண்டுபிடியும். பிள்ள உறங்குது."