ஜுரேமா கேட்ட ஏப்ரன்

என் அக்கா ஜுரேமா பிடித்த முயலுக்கு மூன்றே கால். பிரேசில் முழுவதும் அவளைப் பெரிய நடிகை என்கிறார்கள். ஒரே பாயைப் பங்கு போட்டு வளர்ந்த எனக்கல்லவா தெரியும், அவள் எவ்வளவு பெரிய பிடிவாதக்காரி என்று!

அந்த வருடக் கார்னிவலுக்கு எங்கள் குன்றுக் குடியிருப்பின் சம்பா நடனக் குழு அவள் வாழ்க்கையையே கதையாக எடுத்தது. பாட்டு, தேர், உடுப்பு எல்லாமே அவளைப் பற்றி. உயிரோடு இருக்கும்போதே இந்த மரியாதை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? குன்றே தலைகால் புரியாமல் ஆடியது.

தேர் கட்டும் கொட்டகையில் எவாந்த்ரோ படங்களை விரித்தான். ஊர்வலத்தை வடிவமைக்கிறவன் அவன்தான். நல்ல பிள்ளை, கொஞ்சம் படித்த திமிர். நாடகத்தில் அவள் ராணியாக நின்றது ஒரு தேர். வெளிநாட்டில் விருது வாங்கியது இன்னொன்று. கடைசித் தேரில் தங்க உடையில் அவளே சிம்மாசனத்தில் வருவாள். அக்கா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வேலைக்காரிங்க எங்கப்பா?"

அவன் முகம் சுருங்கியது. "அத வேணும்னேதான் விட்டேன்மா. கறுப்பா இருக்கீங்கன்னு முப்பது வருஷம் டிவியில உங்கள காபித் தட்டுத் தூக்க வச்சாங்க. அந்த அவமானத்த நானும் தேர்ல ஏத்தணுமா?"

"அவமானம் அவங்களுக்கு. எனக்கு அது தொழில். கதவத் தொறக்குற பொம்பளைக்கு ஒரு வரி வசனம் தரமாட்டான். ஆனா நான் தொறந்தா, உள்ள வர்றவன யாரு பாத்தா? ஜனங்க என்னத்தான் பாத்தாங்க. அந்த வேலைக்காரி ஏப்ரன் இல்லாத ஊர்வலத்துல நான் இல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல வருடம் கழித்து அப்போதுதான் ஊர்வலப் போட்டியில் முதல் பிரிவுக்கு ஏறியிருந்தோம். அவள் வராவிட்டால் கதையே இல்லை, திரும்பவும் கீழ்ப்பிரிவுதான். அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று எனக்குள் இருந்தது. வீட்டில் கறுப்பு பீன்ஸைக் கிளறிக்கொண்டே வெடித்தேன்.

"உனக்கு அது வேஷம்க்கா. எனக்கு அதுதான் பொழப்பு. பகலெல்லாம் கொபகபானாவுல ஒரு பணக்காரி வீட்டுல காபி தூக்கிட்டு, ரெண்டு பஸ் மாறி வந்து டிவியப் போட்டா, அங்கயும் நீ தூக்கிட்டு நிப்ப. எத்தன தடவ பட்டுனு அணைச்சிருக்கேன் தெரியுமா?"

அவளுக்குத் தெரியாது. நாடே பார்த்தவளைத் தங்கை பார்க்கவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. அழுவாள் என்று நினைத்தேன். அவளா அழுவாள்? கரண்டியைப் பிடுங்கித் தானே கிளற ஆரம்பித்தாள்.

"நான் யாரப் பாத்து நடிச்சேன்னு நெனைக்கிற? மொதலாளியம்மா கூப்பிட்டா, பதில் சொல்றதுக்கு முன்னாடி நீ ஒரு மூச்சு விடுவியே. அந்த மூச்ச வச்சுத்தான்டி நான் சோறு தின்னேன்."

"அப்போ எனக்குப் பங்கு குடு!" என்றேன், வாய்த்துடுக்காக.

"குடுத்தாப் போச்சு," என்றாள்.

மறுநாள் காலையில் என்னைக் கொட்டகைக்கு இழுத்துப் போனாள். "எவாந்த்ரோ, சிம்மாசனத்துல என் தங்கச்சி தல்வா உக்காருவா. வீட்டு வேல பாத்த மத்த பொம்பளைங்க அவ பக்கத்துல. தங்கம் அவங்களுக்கு. நான் ஏப்ரன் கட்டிட்டு முன்னால நடக்குறேன்."

"உங்க முட்டிக்கு டாக்டர் என்னம்மா சொன்னாரு?"

"நடக்காதேன்னாரு. அவர நான் பாத்துக்கறேன். நீ துணிய வெட்டு."

நடுவர்களுக்கு ஊர்வலக் கதையின் விளக்கக் குறிப்பு இன்னும் போகாததால் மாற்ற முடிந்தது; எவாந்த்ரோ பிழைத்தான். என் இடுப்புக்குத்தான் தங்கத் துணி போதவில்லை. இரண்டு முறை ஒட்டுப் போட்டார்கள்.

கார்னிவல் அன்று முரசுகள் முழங்க, கறுப்பு உடுப்பும் வெள்ளை ஏப்ரனும் காபித் தட்டுமாக அவள் வீதியில் இறங்கினாள். ஜனம் மொத்தமும் எழுந்து நின்றது. பாதி தூரத்தில் முட்டி மடங்கியது. சக்கர நாற்காலியோடு ஓடி வந்தவனை முழங்கையால் தள்ளிவிட்டாள். தட்டில் கோப்பை ஆடவில்லை. நாங்கள் அந்த வருடம் ஜெயிக்கவில்லை. கீழ்ப்பிரிவுக்கு இறங்கவும் இல்லை.

அன்று தேர்மேல் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் நான் பிடிகம்பியைப் பற்றிக்கொண்டு நின்றிருந்தேன். அக்கா திரும்பிப் பார்த்துக் கத்தினாள்.

"ஏன்டி நிக்கிற? உக்காருடி!"

கொபகபானாவில் அந்த வீட்டுக் கூடத்து நாற்காலியில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

உட்கார்ந்தேன்.