மலைத் தோட்டத்துக்குப் போன தேன்பெட்டிகள்

தேன்காரியின் பிழைப்பு கடைத்தெரு முக்கில்தான் சந்தி சிரித்தது. பிக்கப் வண்டிக்குப் பின்னால் பழைய ட்ரெய்லர், அதில் நைலான் கயிறு போட்டுக் கட்டிய தேனீப் பெட்டிகள். சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் கயிறு வழுக்கியது. ஒரு பெட்டி நடுரோட்டில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. அப்புறம் நடந்ததைச் சொல்லவா வேண்டும்? முடிவெட்டிக்கொண்டிருந்தவர் பாதித் தலையோடு ஓடினார். ஷட்டர்கள் படபடவென்று இறங்கின. டீ குடிக்க வந்திருந்த நாத்தனாருக்கு மூக்கில் ஒரு கொட்டு, உதட்டில் ஒரு கொட்டு.

நாத்தனார் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். வேலையில் கைதேர்ந்தவள், வாயும் சளைத்ததில்லை. வீங்கிய உதட்டோடு, "உங்க பூச்சிங்க இருக்கிற திசைக்கே இனி வரமாட்டேன் அண்ணி" என்றாள். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. நடுவில் மாட்டிக்கொண்டு மத்தளம்போல் இரண்டு பக்கமும் அடிவாங்கியவர், ஒருத்திக்குக் கணவரும் இன்னொருத்திக்கு அண்ணனுமான டிரைவர்.

இப்படியிருக்கும்போது மலைமேல் ஆப்பிள் தோட்டம் பூத்தது. பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டுபோகத் தேனீ வேண்டும். தோட்டக்காரர் போனில் கறாராகப் பேசினார்.

"பெட்டி விழுந்த கதை இங்க வரைக்கும் வந்துடுச்சும்மா. என் ஆளுங்க மரத்தடியில வேலை செய்றவங்க. பெட்டி ஒழுங்கா வந்தா இறக்குங்க. ஒண்ணு கலங்கியிருந்தாலும் அப்படியே திரும்பிப் போயிடுங்க."

தேன்காரி அன்று முழுக்க வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். மறுநாள் காலை ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்கே போய்விட்டாள்.

"மூக்கு எப்படியிருக்கு?"

"இருக்கிற இடத்துலதான் இருக்கு." நாத்தனார் முகமூடியைத் தூக்கினாள். ட்ரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி, மேலே ஏறி ஒரு மிதி மிதித்தாள். பலகை முறிந்து கால் உள்ளே போனது. "அண்ணி, இது ட்ரெய்லரா? பெட்டியைத் தள்ளிவிடுறதுக்குன்னே செஞ்ச மிஷின் இது."

"தெரிஞ்சுதான் உன்கிட்ட வந்திருக்கேன்."

இப்படி நேராக வந்து விழும் பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. காலை உருவிக்கொண்டு கீழே இறங்கியவள், "சரி, அந்த ஸ்பானரை எடுங்க" என்றாள்.

அந்த வாரம் பட்டறையின் பின்கட்டில் சண்டையும் வேலையும் ஒன்றாகவே நடந்தன. மக்கிய பலகைகள் போயின. புதுப் பலகைகள், தண்ணீர் வடிய இடைவெளி விட்டு போல்ட் போடப்பட்டன. பெட்டி வழுக்காதபடி நாலு ஓரத்திலும் இரும்புப் பட்டி எழும்பியது. கட்டுவதற்கான வளையங்களைப் பலகையிலேயே திருகிவிடலாம் என்றாள் தேன்காரி.

"இழுக்கிற இழுப்புல பலகையோட பிடுங்கிட்டு வரும்" என்று நாத்தனார் வளையங்களை அடிச்சட்டத்தில் வைத்து வெல்ட் செய்தாள். சக்கரத்துக்கு மேல் குலுக்கலைத் தாங்கும் பட்டை வில் உடைந்திருந்தது; அதையும் மாற்றினாள். கயிறு இருந்த இடத்துக்கு, நெம்பி நெம்பி இறுக்கும் ராட்செட் பெல்ட்டுகள் வந்தன.

மேலே தார்ப்பாய் போட்டு மூடிவிடலாம் என்று அவள் சொன்னபோது தேன்காரி பதறினாள். "மூச்சுமுட்டிச் செத்துடும்! வலை போடு. பெட்டியைக் குறுக்க வைக்காதே. உள்ள இருக்கிற தேனடைச் சட்டங்க வண்டி போற வாக்குலயே இருக்கணும். இல்லேன்னா பிரேக் போட்டா ஒண்ணோட ஒண்ணு மோதி, நடுவுல பூச்சிங்க நசுங்கும்."

"இதை ஏன் அண்ணி முன்னாடியே சொல்லல?"

"நீதான் பேசுறதில்லையே!"

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க முகமூடியை இறக்கிக்கொண்டாள்.

தேனீக்கள் வெளியேறாதபடி வாசல் அடைத்த பெட்டிகளோடு விடியும்போது கிளம்பினார்கள். "என் வெல்டிங்கை நான்தான் பார்க்கணும்" என்று நாத்தனாரும் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். ஆனால் ஜன்னல் கண்ணாடியை மட்டும் இறக்கவேயில்லை. ஊர் தாண்டியதும் நிறுத்தச் சொன்னாள். குலுங்கலில் சுமை அமர்ந்து, பெல்ட்டுகள் கொஞ்சம் தளர்ந்திருந்தன. எல்லாவற்றையும் இன்னொரு முறை இறுக்கிவிட்டுத்தான் ஏறினாள்.

கொண்டை ஊசி வளைவொன்றில் திரும்பியதும், சரிந்த பாறைகள் பாதி ரோட்டை அடைத்துக் கிடந்தன. டிரைவர் பிரேக்கை அழுத்தினார். டயர்கள் கிறீச்சிட்டன. தேன்காரி காதைத் தீட்டிக்கொண்டாள். பின்னால் எதுவும் விழும் சத்தம் கேட்கவில்லை. கதவைத் திறந்து முதலில் குதித்தது நாத்தனார்தான்.

"அசையல அண்ணி! ஒண்ணுகூட அசையல!"

மிச்சமிருந்த வழியோ பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருந்தது. டிரைவர் தயங்கினார். "திரும்பிடலாமா?"

"எதுக்கு? நீ ஸ்டீயரிங்கைப் பாருண்ணா, மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்."

ட்ரெய்லருக்குப் பின்னால், ஆளுக்கொரு சக்கரத்தைப் பார்த்தபடி இருவரும் நடந்தார்கள். "வா... வா... லேசா இடது... வா..." சக்கரம் ஓரத்துக் கல்லில் ஏறியதும் ட்ரெய்லர் சாய்ந்தது. பெல்ட்டுகள் விறைத்தன. பெட்டிகளுக்குள் ரீங்காரம் உயர்ந்தது. ஆனால் வரிசை குலையவில்லை. சக்கரம் சமதரையில் இறங்கியதும் டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார். நாத்தனார் நடுரோட்டிலேயே அண்ணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

தோட்டக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ட்ரெய்லரைச் சுற்றிவந்தார். மேல்பெட்டியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். அவர் தொப்பிதான் கழன்று விழுந்தது.

"இறக்குங்கம்மா" என்றார்.

மரங்களுக்கிடையே பெட்டிகளை வைத்து, தேன்காரி ஒவ்வொரு வாசலாகத் திறந்தாள். முதலில் இரண்டு மூன்று தேனீக்கள் எட்டிப்பார்த்து வட்டமடித்தன. பிறகு வெயிலில் பொன் தூவியதுபோல் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி வெள்ளைப் பூக்களுக்குள் புகுந்தன. தோட்டமே ஒரே குரலில் ரீங்கரிக்கத் தொடங்கியது.

"யாரு செஞ்ச வண்டி இது?" தோட்டக்காரர் கேட்டார். "பழப்பெட்டி ஏத்த எனக்கும் இப்படி ஒண்ணு வேணுமே."

நாத்தனார் வாயைத் திறப்பதற்குள் தேன்காரி முந்திக்கொண்டாள். "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சதுங்க. வெல்டிங் அவ. சண்டை நான்."