பதில் வந்தால் பச்சை

பம்ப் மெக்கானிக்கான தம்பி, தரைக்கடியில் இருக்கும் மோட்டார் அறைக்குள் இறங்கி அரை மணி நேரமாகிவிட்டது. அவன் பக்கத்தில் விஷவாயு மீட்டர். மேலே கட்டுப்பாட்டு அறையில் அக்கா. ஐந்து விநாடிக்கு ஒருமுறை அந்த மீட்டரை பிங் செய்து, 'இருக்கிறாயா?' என்று கேட்கும் பைத்தான் நிரல் அவள் எழுதியது. பதில் வந்தால் திரையில் பச்சை. வராவிட்டால் சிவப்பு, கூடவே காதைக் கிழிக்கும் சைரன். அதை எழுதி முடித்த அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார். பச்சைதானே, போய்ச் சாப்பிட்டுவிட்டு வாம்மா என்றார். எழுந்தவளின் கண், பதில் வர எத்தனை மில்லி விநாடி ஆனது என்று காட்டும் கட்டத்தில் விழுந்தது. எப்போதும் மூன்றோ நான்கோ இருக்கும். இப்போது காலி. பதில் வந்ததாம், வந்த நேரம் மட்டும் இல்லையாம். இதென்ன கூத்து என்று பதிவுக் கோப்பைத் திறந்தாள்.

வரிக்கு வரி ஒரே வாசகம்: 'அந்த முகவரியை எட்ட முடியவில்லை.' பேசியது மீட்டர் இல்லை, படிக்கட்டருகே இருந்து செய்திகளைக் கடத்தும் ரூட்டர். பாவம், அது உண்மையைத்தான் சொன்னது. பதினெட்டு நிமிடமாகத் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறது. யாரிடமிருந்து எந்தப் பதில் வந்தாலும் பிங் கட்டளை 'பிழை இல்லை' என்ற பொருளில் பூஜ்யத்தில் முடியும்; பூஜ்யம் என்றால் பச்சை என்று ஒற்றை வரியில் வேலையை முடித்திருந்தவள் அவள்தான். யார் பதில் சொன்னது, என்ன சொன்னது என்று பார்க்க இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தால் கை தேய்ந்தா போயிருக்கும்?

சைரன் பொத்தானை அழுத்தி, மைக்கில் தம்பியைக் கூப்பிட்டாள். கீழிருந்து சத்தமில்லை. மேற்பார்வையாளர் முகமூடி மாட்டிய இருவரை இறக்கினார். அவள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பி மனைவியின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதைத் தவிர எதுவும் தோன்றவில்லை. ஆறு நிமிடம் ஆனது.

அவனைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தார்கள். ஆக்சிஜன் வைத்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண் திறந்தான். அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"மீட்டர் அணைஞ்சது உனக்குத் தெரியலையாடா?"

ஆக்சிஜன் முகமூடியை விலக்கினான். "தெரிஞ்சுது. ஏறிடலாம்னுதான் சாமானெல்லாம் எடுத்து வெச்சேன். மேல நீதானே பாத்துக்கிட்டிருக்க. நீ கூப்பிடல, அப்ப ஒண்ணும் இல்லன்னு திரும்பவும் உக்காந்துட்டேன்க்கா."