மாயாண்டியில் பத்து விழுக்காடு

சிமெண்டு ஆலைக்குக் கரியமில வாயு பிடிக்கும் இயந்திரம் வந்த மறு வருடம், மாயாண்டியின் இடது கால் கட்டைவிரல் சுண்ணாம்புக் கல்லானது. வலி இல்லை. செருப்புதான் நுழையவில்லை. தீபாவளிக்குள் முழங்கால் வரை கல் ஏறிவிட்டது. மருத்துவமனையில் தட்டிப் பார்த்துவிட்டு நல்ல தரமான கல் என்றார்கள்.

ஈப்போவுக்கு வெளியே, குனோங் ராபாட்டைத் தாண்டிக் கோப்பெங் போகும் பக்கம், ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய ஆலை அது. தோட்டத் தொழிலாளர்களின் ஒரு வரிசை லயத்து வீடுகள் மட்டும் மிஞ்சியிருந்தன. சிமெண்டுக்கு மலையை உடைத்து, அந்தக் கல்லைத் தொள்ளாயிரம் டிகிரியில் சுடவேண்டும். அப்போது கல் இரண்டாகப் பிரியும். சுண்ணாம்பு தங்கும், கரியமில வாயு பறந்துவிடும். நெருப்பை எவ்வளவு சுத்தமாக எரித்தாலும் இந்த வாயு குறையாது, ஏனென்றால் அது கல்லுக்குள்ளிருந்தே வருகிறது. அதனால் ஆலை இரண்டு வேலை செய்தது. நிலக்கரியை நிறுத்திவிட்டு, வெயிலில் எடுத்த மின்சாரத்தால் கோபுரமாக அடுக்கிய செங்கற்களைப் பழுக்கக் காய்ச்சி, மழை நாளுக்கும் இரவுக்கும் சூட்டைச் சேமித்தது. வாயுவைப் புகைபோக்கியிலேயே பிடித்து, கடலுக்கடியில் புதைப்பதற்காகக் குழாயில் அனுப்பியது. யோசனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மேலாளர் குடியிருப்பு வழியாகப் போனால் தூரம் குறைவு என்று தெரிந்தும், குழாயை லயத்து வாசல் வழியாக இழுத்தார்கள்.

குழாயின் இணைப்பு ஒன்று லயத்துப் பள்ளத்தில் வந்தது. அங்கே நான்கு மொழிகளில் அறிவிப்புப் பலகை நட்டார்கள். தமிழில் ‘காற்று பிடிக்கும் இடம்’ என்று எழுதியிருந்தது. காத்து புடிப்பது என்றால் என்னவென்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். பேய் பிடிப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள். கம்பெனியே எழுதிப்போட்ட பிறகு சும்மா இருக்க முடியுமா? பலகைக்குப் பக்கத்தில் முனிக்கு ஒரு கல் நட்டு விளக்கு வைத்தார்கள். விளக்கைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மாயாண்டிக்கு வந்தது. காலமெல்லாம் ஆலையில் மூட்டை தூக்கியவர். நெஞ்சு நிறைய சுண்ணாம்புத் தூள். சாயங்காலமானால் அங்கேயே உட்கார்ந்திருப்பார். இலைகூட அசையாத வேளையிலும் விளக்கு அணைந்தது. முனிக்குக் கோபம் என்று சுருட்டும் சம்சு சாராயமும் படைத்தார்கள். பள்ளத்தில் மேய்ந்த கோழிகள் செத்தன. இணைப்பு கசிந்துகொண்டிருந்தது; அந்த வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தண்ணீர்போலத் தேங்கும், தீயை அணைக்கும். மாயாண்டியின் மகள் கலாதேவி ஆலைக்குப் பலமுறை போன் செய்தாள். நாற்றம் வருகிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். அப்படியானால் கசிவு இல்லை என்றார்கள். அந்த வாயுவுக்கு நாற்றமே கிடையாது என்பது கேட்டவர்களுக்குத் தெரியும்.

சுண்ணாம்பும் அந்த வாயுவும் ஈரத்தில் சேர்ந்தால் மறுபடி கல்லாகும். மாயாண்டியின் நெஞ்சில் அதுதான் நடந்தது. பிறகு இடமில்லாமல் காலிலிருந்து மேலே ஏறியது. இதைக் கண்டுபிடித்தவர் திட்ட அதிகாரி சுபேசன். அவருடைய தாத்தா தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்ததால், லயத்தில் அவரையும் கிராணி என்றே கூப்பிட்டார்கள். கம்பெனி வெட்கப்படும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். வாயு நிரந்தரமாகச் சேமிக்கப்பட்டதாக மாயாண்டியைக் கணக்கில் ஏற்றி, மார்பில் மஞ்சள் எண் அடித்தார்கள். இணைப்பை அப்படியே விட்டுவைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் அவர் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். கல் கழுத்துக்கு வந்தபோது மாயாண்டி மகளிடம், “என்னய எரிச்சிரு தாயி. மலையா கெடந்தா ஒடைப்பானுங்க. நான் பார்த்திருக்கேன்லா” என்றார். பங்குனியில் இறந்தார்.

ஈப்போ மின்சுடலையில் அவர் வேகவில்லை. அங்குள்ள சூடு உடம்புக்குப் போதும், கல்லுக்குப் போதாது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆலைச் சூளையில் வைக்கலாமா என்று கலாதேவி கேட்கப் போனாள். அவளும் அங்கேதான் வேலை, செங்கல் கோபுரத்திலிருந்து சூளைக்குச் சூட்டைத் திறந்துவிடும் பிரிவில்.

சுபேசன் இருக்கை காட்டிவிட்டுத்தான் பேசினார். “விளங்கிக்கொள்ளுங்கோ தங்கச்சி. எரிச்சால் சேமிச்ச வாயு வெளியில போயிடும். அவர் இப்ப உங்கட அப்பா மட்டுமில்லை.”

“அப்ப வேற யாரு அப்பா?”

சுபேசன் மாயாண்டியின் எண் இருந்த கணக்குத் தாளை அவள் பக்கம் திருப்பினார்.

“ரோட்டுல இம்மாம் பெரிய போர்டு வச்சிருக்கீங்க, கிராணி சார். சூளையில வர்றதுல தொண்ணூறு விழுக்காடு புடிக்கிறோம்னு. எங்கப்பாவையும் புடிங்க. மிச்சம் பத்து போவட்டும்.”

மேலிடத்தில் கேட்கவேண்டும் என்றார் சுபேசன். மேலிடம் மறுத்தது. கலாதேவி தன் இடத்துக்குத் திரும்பி, சூட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாக மூடினாள். பக்கத்துக் கோபுரத்து அர்ச்சுனன், “என்னக்கா, ஓதி கேட்டியா?” என்றான். ஓவர்டைமை அங்கே ஓதி என்பார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனும் மூடினான். சூளை திடீரென்று ஆறினால் உள்ளே பதித்த கற்கள் பெயர்ந்து விழும். மறுபடி பதிக்க மாதக்கணக்காகும். போலீசைக் கூப்பிடுவோம் என்றார்கள். கூப்பிடுங்கள், வந்து அவர்களே கதவைத் திறக்கட்டும் என்றாள். சூளையின் உள்கற்களில் முதல் விரிசல் சத்தம் கேட்டதும் மேலிடம் இறங்கி வந்தது.

நண்பகலில், கல் போகும் பெல்ட்டில் மாலையோடு மாயாண்டி போனார். கலாதேவி கொள்ளிக்குப் பதிலாகக் கதவைத் திறந்தாள். அவரில் தொண்ணூறு விழுக்காடு வாயு குழாயில் போனது. சுட்ட சுண்ணாம்பை அவள் லூமுட் கடலில் கரைத்தாள். தண்ணீர் பட்டால் அது கொதிக்கும் என்பதால், சிறிது நேரம் கடல் கொதித்தது.

பிடிபடாத பத்து விழுக்காடு புகைபோக்கியில் வெள்ளையாக வெளியேறி, காற்றுக்கு எதிராக நடந்து, மேலாளர் குடியிருப்பில் இறங்கியது. அங்கே முழங்கால் உயரத்துக்கு நின்றது. விசிறி வைத்தார்கள், பூசை செய்தார்கள், ஹெலிகாப்டர் கொண்டுவந்தார்கள். கலையவில்லை. இப்போது அங்கே பிள்ளைகளைத் தரையில் விடுவதில்லை; நாய்களை மாடியில் கட்டுகிறார்கள். மாற்றலாகிப் போகிறவர்கள் வீட்டை வாடகைக்கு விடும்போது, மலையடிவாரம், காலையில் கொஞ்சம் பனி இருக்கும் என்று சொல்கிறார்கள்.