எங்க லைனுக்கு மட்டும் லீவு

அவளுக்குப் பாட்டில் ஆலையில் கீறல் பார்க்கிற வேலை. விளக்குக்கு முன்னால் பெல்ட்டில் ஓடி வரும் பாட்டில்களில் எதில் விரிசல், எதில் குமிழி என்று பார்த்துப் பார்த்து, அந்தப் பார்வை வீட்டிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. "உங்கம்மாகிட்ட பொய் சொல்லித் தப்பிச்சவன் இன்னும் பொறக்கல" என்று கணவன் மகளிடம் சொல்லிச் சிரிப்பான். மகள் மூன்றாம் வகுப்பு. ஆலைக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் முழுக்க அவளுக்கு வாலு என்றுதான் பேர்.

அன்று காலை வாலு படுக்கையை விட்டு அசையவில்லை.

"ஸ்கூலுக்கு நேரமாகல?"

"இன்னைக்கு லீவும்மா."

"யாருடி சொன்னா?"

"டீச்சர்தான். எங்க லைனுக்கு மட்டும் லீவாம்."

போன மாதம் வயிற்றுவலி, அதற்கு முன்னால் பல்வலி. இப்போது இது. "பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேணாமா?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். வாலு அழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அங்கேதான் அம்மாவுக்கு உறுத்தியது. பொய் பிடிபட்டால் ஊரைக் கூட்டி அழுகிறவள் ஆயிற்றே.

பக்கத்து வீட்டில் வெல்டரின் மனைவி வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். வாலுவின் வகுப்பில் படிக்கும் அவள் மகனும் ஸ்கூலுக்குப் போகாமல் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தான்.

"இவனும் அதையேதான்க்கா சொல்றான். லீவு விட்டா விட்டுட்டுப் போறாங்க."

அந்த நேரம் பார்த்துத் தையல்காரரின் மகள் இஸ்திரி கலையாத யூனிபாரத்தில் தெருவைக் கடந்து போனாள். பின்னாலேயே மருந்துக் கடைக்காரரின் பிள்ளைகள்.

"அவங்களுக்கு ஸ்கூல் இருக்கு. நமக்கு ஏன் இல்ல?" என்றாள் இவள். "தலையில பேனா, உடம்புல சிரங்கா? நம்ம லைன்ல யாருக்கோ ஏதோ தொத்து இருக்கு. நம்மகிட்ட மறைக்கிறாங்க."

வெல்டரின் மனைவி துடைப்பத்தைப் போட்டுவிட்டு மகனின் சட்டையைத் தூக்கி முதுகைத் தடவ ஆரம்பித்தாள். இவள் வாலுவை வெளிச்சத்துக்கு இழுத்துத் தலைமுடியைப் பிரித்துப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததுதான் இன்னும் பயமாக இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பள்ளிக்கூடத்து கேட் பூட்டியிருந்தது.

"இன்னைக்கு யாரையும் விடக் கூடாதும்மா" என்றார் வாட்ச்மேன். "மேலேருந்து ஆபீசர் வந்திருக்கார். மூணாம் கிளாசுக்குப் பரீட்சை. எந்த ஸ்கூல் எப்படிப் படிக்குதுன்னு பார்க்கிறாங்களாம்."

காம்பவுண்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கத்து ஜன்னலுக்குப் போனாள். பெஞ்சுக்கு ஒரு பிள்ளையாக உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரரின் மகள் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். லைன் வீட்டுத் தலை ஒன்றுகூட இல்லை.

ஜன்னலில் அவளைப் பார்த்ததும் டீச்சருக்கு முகம் செத்துப்போனது. பின்கதவு வழியாக வெளியே வந்தாள்.

"சத்தம் போடாதீங்கம்மா. போன வருஷம் நம்ம ஸ்கூல்தான் கடைசி. இந்த வருஷமும் அப்படின்னா இழுத்து மூடிடுவாங்கன்னு ஹெட்மாஸ்டர் சொல்றாரு. மெயின் ரோட்டைத் தாண்டி வேற ஸ்கூலுக்குப் போக வேண்டியது உங்க பிள்ளைங்கதான்."

"அதுக்கு?"

"வாசிக்க வராத பிள்ளைங்களை இன்னைக்கு ஒரு நாள்..."

"என் பொண்ணு வீட்ல கடகடன்னு வாசிக்கிறாளே!"

"அது மனப்பாடம்மா. படத்தைப் பார்த்தே பாடத்தை ஒப்பிச்சுடுவா. எழுத்தைக் காட்டிக் கேட்டா முழிப்பா."

அவளுக்குச் சுருக்கென்றது. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டும் இது அவள் கண்ணில் படவில்லையே.

"ரிப்போர்ட்ல எல்லாம் 'நன்று'ன்னுதானே போட்டீங்க?"

டீச்சர் ஜன்னல் வழியாக ஆபீசர் இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

"வெல்டர் பையனுக்கும் வாசிக்க வராதா?"

"அவன் நல்லா வாசிப்பான்."

"அப்ப அவனை ஏன் வர வேணாம்னீங்க?"

"அவனை மட்டும் வரச் சொன்னா, லைன்ல மத்தவங்க ஏன்னு கேப்பாங்களேன்னு..."

அதற்குமேல் அவள் நிற்கவில்லை. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போய், வாலுவை ஒரு கையிலும் வெல்டர் மகனை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். கேட்டில் அவள் போட்ட சத்தத்துக்கு ஆபீசரே வராந்தாவுக்கு வந்துவிட்டார். பின்னாலேயே ஹெட்மாஸ்டர்.

"லேட்டா வர்ற பசங்க சார்" என்று ஹெட்மாஸ்டர் அசடு வழிந்தார்.

"பரவாயில்ல, உக்காரட்டும். இன்னும் யாராவது லேட்டா?"

"ஒரு லைன் முழுக்க லேட்டு சார்" என்றாள் அவள்.

ஆபீசர் ஹெட்மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் கொடிக்கம்பத்தைப் பார்த்தார்.

விட்டுப்போன பிள்ளைகளுக்கு அடுத்த வாரம் மறுபடி பரீட்சை வைத்தார்கள். வெல்டரின் மகன் வகுப்பிலேயே இரண்டாவதாக வந்தான். வாலு வாசிப்பில் ஏறக்குறைய முட்டை. பள்ளிக்கூடம் மறுபடியும் கடைசிதான். ஆனால் யாரும் அதை மூடவில்லை. மூடுவதாக நிஜமாகவே பேச்சு இருந்ததா, ஹெட்மாஸ்டர் கட்டிவிட்ட கதையா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவர் மட்டும் மாற்றலாகிப் போனார்.

அன்று அடித்ததற்கு வாலுவிடம் என்ன சொல்வதென்று தெரியாமல், இரண்டு நாள் அவளுக்குத் தலை பின்னிவிடும்போது சீப்பை ரொம்ப மெதுவாக இழுத்தாள். "வலிக்கலம்மா, வேகமா பின்னு" என்றது அது.

சாயங்காலங்களில் லைன் பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு என்று டீச்சரே ஆரம்பித்தாள். மனசு குத்தியதா, மேலிடத்து உத்தரவா, யார் கண்டது? பகல் ஷிப்ட் முடிந்ததும் இவள் நேராகப் போய் ஜன்னலில் நிற்பாள். டீச்சர் எந்தப் பிள்ளையை வாசிக்கச் சொல்கிறாள், யாரைத் தாண்டிப் போகிறாள் என்று கவனிப்பாள்.

ஒரு நாள் டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா, இன்னும் சந்தேகமா?"

"ஆமா டீச்சர்."

டீச்சர் தன் நாற்காலியை இழுத்துக் கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் போட்டாள்.

"நின்னுக்கிட்டே சந்தேகப்பட்டா கால் வலிக்கும். உள்ள வந்து உக்காந்து சந்தேகப்படுங்க."

அவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். டீச்சர் மேலிருந்த கண்ணை எடுக்கவில்லை.