ஐந்து ஐந்து ஐந்து

சாமணத்தின் நுனியிலிருந்து அந்தச் சின்ன வில் 'டிங்' என்று எகிறியது. அவ்வளவுதான். குளிர்பெட்டிக்கு அடியில், அரிசி டப்பாவுக்குப் பின்னால், பூனையின் வயிற்று ரோமத்துக்குள் என்று எங்கே தேடியும் கிடைக்கவில்லை. கண்ணிமை முடி அளவுக்கு ஒரு கம்பி. அது இல்லாவிட்டால் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கக் கொடுக்க 'கர்ர்' என்று திரும்பிக் கழன்றுவிடும்.

சொந்தக் கடிகாரமாக இருந்தால் சாங் கவலைப்பட்டிருக்க மாட்டான். இது மாமனாருடையது. சாங் பல் செட் செய்கிறவன்; அந்தக் கைகளை நம்பி, ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் சம்ருவாய் தன் மணிக்கட்டிலிருந்து முதல்முறையாகக் கழற்றிக் கொடுத்திருந்தார். "சும்மா துடைச்சு வைப்பா. சொங்க்ரானுக்கு வர்றப்ப வாங்கிக்கிறேன்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மருமகனை நம்பி அவர் கொடுத்த முதல் பொருள் அது. சொங்க்ரான் என்ற தாய்லாந்துப் புத்தாண்டுக்கு இன்னும் ஒரு வாரம்தான்.

எனவே சாங், 'தங்க விரல்' என்ற புனைபெயரில், பழைய கடிகாரப் பாகங்கள் விற்கும் இணையக் குழுவில் நுழைந்தான். அங்கே விற்கிறவர்களுக்கு வாய் என்றால் வாய் அப்படி ஒரு வாய். "இருக்கா அண்ணே?" என்று கேட்டதற்கு ஒருவன், "இல்லாததையா போட்டோ எடுப்பேன்?" என்றான். விலை கேட்ட குற்றத்துக்கே இன்னொருவன் இவனைத் தடை செய்துவிட்டான்.

கடைசியில் 'இரும்புச் சேவல்' என்ற ஆளிடம் அதே மாடல் கடிகாரம் ஒன்று செத்துக் கிடந்தது. அந்த ஆள் போட்டிருந்த படத்துக்குக் கீழே, எல்லோரும் பார்க்க, சாங் பணிவாக ஆரம்பித்தான்.

"வணக்கம் அண்ணே. முழுசா வேணாம். உள்ள சாவியைப் பிடிச்சு நிறுத்துற சின்ன வில் மட்டும் கிடைக்குமா?"

"மீன் கடையில போய்க் கண்ணு மட்டும் கேக்கிறவனா நீ?"

"கொஞ்சம் அவசரம்ணே."

"அவசரம்னா கக்கூஸ் இடது பக்கம்."

சாங் பல்லைக் கடித்தான். "ஃப்ரெண்டோட வாட்ச்ணே. கழட்டும்போது தொலைஞ்சிடுச்சு."

"உன்னை நம்பி வாட்சைக் குடுத்தான் பாரு, அந்த முட்டாளைச் சொல்லணும்!"

"ஐந்நூறு பாட் தர்றேன்ணே. வில்லுக்கு மட்டும்."

பதில் உடனே வந்தது: "555".

அந்த ஊரில் சிரிப்பை எண்ணாகத்தான் தட்டுவார்கள். ஐந்துக்கு 'ஹா' என்று பெயர். மூன்று ஐந்து போட்டால் ஹாஹாஹா. இரும்புச் சேவல் ஊர் பார்க்க வாய்விட்டுச் சிரித்திருந்தது.

சாங் போனைச் சுவரில் எறியப் போனான். முடிதிருத்தும் கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அவன் மனைவி டுக்தா அதைப் பிடுங்கிக்கொண்டாள். எல்லாவற்றையும் மேலிருந்து கீழே படித்தாள். படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள். அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணியது.

"என்னடி பாக்கிற?"

"ஒண்ணுமில்ல. நீ ஐந்நூறு சொன்ன. அவரு எவ்வளவு சொன்னாரு?"

"சிரிச்சான்டி!"

"ஐந்நூத்தி ஐம்பத்தஞ்சு சொல்லியிருக்காரு" என்றவள், ஒரே ஓர் எழுத்தைத் தட்டினாள்: "F".

குழுவின் சட்டம் அது. விற்கிறவர் ஓர் எண்ணைச் சொல்லி, வாங்குகிறவர் 'எஃப்' போட்டால் வியாபாரம் முடிந்தது. பின்வாங்கினால் குழுவை விட்டே வெளியே.

"டேய் எருமை! நான் சிரிச்சேன்டா!" என்று கதறியது சேவல்.

சாங்குக்கு இப்போது தெம்பு வந்துவிட்டது. போனை வாங்கி, "எண்ணு எண்ணுதான்டா, கிழட்டு உடும்பே!" என்று தட்டினான். உடும்பைவிடக் கெட்ட வசவு அந்த ஊரில் இல்லை. டுக்தா, "ஐயையோ, அது வேண்டாம்" என்று கையை நீட்டுவதற்குள் அது போய்விட்டது.

குழுவே திரண்டு வந்தது. கீழே நூற்றுக்கணக்கில் 555. கடைசியில் குழுவை நடத்தும் நிட் அத்தை தீர்ப்பு சொன்னாள்: "சேவல் அண்ணே, எங்களை எல்லாம் எவ்வளவு பேசியிருக்கீங்க! சிரிக்கணும்னா எழுத்துல சிரிங்க. எண்ணு போட்டாச்சு, குடுத்துடுங்க."

"அட்ரஸைப் போட்டுத் தொலை" என்று தனிச் செய்தி வந்தது. சாங் பெயரையும் வீட்டு முகவரியையும் அனுப்பினான்.

அதற்குப் பிறகு சேவல் கூவவே இல்லை. ஒரு வசவு இல்லை, ஒரு 'சரி' இல்லை. "அனுப்பிட்டீங்களா அண்ணே?" என்று சாங் கேட்டால், படித்துவிட்டதாகக் காட்டும், பதில் வராது. திட்டினபோதே தேவலையாக இருந்தது. தபால் நிலையமும் பண்டிகைக்கு மூடிவிட்டது.

பண்டிகைக்கு முந்தின நாள், மாமனாரும் மாமியாரும் கோராட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மாமியார் நேராகச் சமையலறைக்குப் போனாள். சம்ருவாய் நாற்காலியில் உட்கார்ந்து வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.

"வாட்ச் எங்கப்பா?"

"அப்பா… அது வந்து…" என்றான் சாங்.

அவர் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு காலி மாத்திரைக் கூட்டை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே கண்ணிமை முடி போல ஒரு கம்பி.

"தபாலெல்லாம் லீவு. நானே கொண்டாந்துட்டேன்" என்றார் மெதுவாக. "தங்க விரல்!"

சாங் கம்பியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "நீங்களா… அப்பா, அந்த உடும்பு…"

"சத்தம் போடாதே!" அவர் சமையலறைப் பக்கம் பயத்தோடு பார்த்தார். "நான் வாட்ச் யாவாரம் பண்றது அவளுக்குத் தெரிஞ்சா, உடும்பைவிடக் கேவலமா பேசுவா. எனக்குக் கழட்டத்தான் வரும், மாட்ட வராது. அதனாலதான் உன்கிட்ட குடுத்தேன். முட்டாள்னு எவனைச் சொன்னேன்? என்னையேதான் சொல்லியிருக்கேன்!"

"அப்போ நீங்க கோவமா இல்லையா?"

"எருமைன்னு சொன்னது நானு. உடும்புன்னு சொன்னது நீ. சரியாப் போச்சு. போ, மாட்டு. இந்தத் தடவை பிளாஸ்டிக் பைக்குள்ள கையை விட்டு மாட்டு. எகிறினாலும் பையிலேயே கிடக்கும்."

மறுநாள் காலையில், வீட்டுப் பெரியவர்களின் கைகளில் மல்லிகை மிதக்கும் நீரை ஊற்றி மன்னிப்புக் கேட்கும் நேரம். சம்ருவாய் உள்ளங்கைகளைக் குவித்து நீட்டினார். இடது மணிக்கட்டில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. சாங் மண்டியிட்டு ஊற்றினான்.

"மனசால, வாயால, கையால தெரியாம செஞ்ச தப்பை எல்லாம் மன்னிச்சிடுங்க அப்பா." கொஞ்சம் நிறுத்தி, "போன்ல தட்டினதையும் சேர்த்து" என்றான்.

"ஹா, ஹா, ஹா!" என்றார் மாமனார்.

"எஃப்" என்றான் சாங்.

"என்ன இது, ரெண்டும் லூசு மாதிரி?" என்றாள் மாமியார்.

அடுத்து டுக்தாவின் முறை. நீரை ஊற்றுகிற சாக்கில் அப்பாவின் காதருகே குனிந்தாள்.

"இனிமே போட்டோ எடுக்கும்போது அந்த அன்னாசிப்பழம் போட்ட மேசை விரிப்பை எடுத்துடுங்கப்பா. அதை வாங்கிக் குடுத்தவ நான்தான்."